மொழித் தேர்வில் பேட்டி எழுதுவது: பதிலின் வாலைப் பிடித்து அடுத்த கேள்வி

போன வருடம் ஆடி மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் நான் எடுக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். கேள்வி இதுதான்: "உங்கள் ஊரில் பல வருடங்களாகத் தொண்டு செய்துவரும் ஒருவரைப் பள்ளி இதழுக்காகப் பேட்டி காண்கிறீர்கள். அந்தப் பேட்டியை எழுதுக." பதினோரு பிள்ளைகள் எழுதினார்கள். ஒன்பது தாளில் முதல் கேள்வி "உங்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?" அதே ஒன்பதில் கடைசிக் கேள்வி "இளைஞர்களுக்கு நீங்கள் என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" நடுவில் இருந்த கேள்விகளைக் கத்தரித்து ஒரு தாளிலிருந்து இன்னொன்றில் ஒட்டியிருந்தால் எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

பத்தாவது தாள் பாதியில் நின்றுவிட்டது. பதினோராவது தாளில் எழுத்துப் பிழைகள் நிறைய. ஆனால் அதில் ஓர் இடத்தில், கோயிலில் கூழ் காய்ச்சும் ஆயா (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) "மாவு கரைத்து வைத்தேன்" என்று சொன்னதும், பேட்டி காணும் பெண் "கேழ்வரகு மாவா ஆயா?" என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்விக்காக நான் தாளை இரண்டாம் முறை படித்தேன். அவள் காது கொடுத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது. மற்றவர்கள் விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

தேர்வில் எழுதுகிற பேட்டி கற்பனைதான். எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதனால்தான் பிள்ளைகள் ஐந்து கேள்விகளை முதலில் எழுதிவிட்டு அப்புறம் ஐந்து பதில்களை நிரப்புகிறார்கள். நான் சொல்லித் தருவது இதற்கு நேர் எதிரான வழி: ஒரு கேள்வி, அதற்குப் பதில், அந்தப் பதிலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லிலிருந்து அடுத்த கேள்வி. கீழே வருவது எல்லாம் இதைச் செய்யும் முறைதான்.

தேர்வு என்ன எதிர்பார்க்கிறது

தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில், மேல்வகுப்பு மொழித் தேர்வின் எழுத்துத் தாளில் கட்டுரை தவிர நடைமுறை எழுத்துகளும் உண்டு. கடிதம், அறிக்கை, மேடைப்பேச்சு, உரையாடல் என்று போகும் அந்தப் பட்டியலில் எழுத்துப் பேட்டியும் இருக்கிறது. வீட்டு மொழி (Home Language) நிலையில் இதற்கு 180 முதல் 200 சொற்கள், 25 மதிப்பெண். வீட்டு மொழிக்கு அடுத்தபடியாகப் படிக்கும் முதல் கூடுதல் மொழி (First Additional Language) நிலையில் 120 முதல் 150 சொற்கள், 30 மதிப்பெண். அந்த 30-இல் 18 மதிப்பெண் உள்ளடக்கம், திட்டமிடல், அமைப்பு ஆகியவற்றுக்கு. 12 மொழி, நடை, திருத்தம் ஆகியவற்றுக்கு. கவனியுங்கள்: இலக்கணத்தைவிட நீங்கள் என்ன சொல்கிறீர்கள், எப்படி அடுக்குகிறீர்கள் என்பதற்குத்தான் அதிகம். தமிழ் நன்றாக வராது என்று பயந்து, தெரிந்த நாலு வாக்கியத்தை மட்டும் எழுதும் பிள்ளைகள் இழப்பது அந்த 18-இல்தான்.

நீங்கள் எந்த நிலையில், எந்த வாரியத்தில் எழுதினாலும் சரி, உங்கள் வினாத்தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணிக்கைதான் சட்டம். நான் கீழே தரும் மாதிரி 120-150 சொல் அளவுக்கானது.

வினாவைப் பிரித்துப் படிப்பது

பென்சிலால் நான்கு இடத்தில் அடிக்கோடு போடச் சொல்வேன். கேட்பவர் யார், பதில் சொல்பவர் யார், எதற்காக, எங்கே வெளியாகப் போகிறது. கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பள்ளி இதழுக்கு என்றால் படிப்பவர்கள் மாணவர்கள். வானொலிக்கு என்றால், லோட்டஸ் எஃப்எம் மாதிரி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, "நேயர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கலாம். பள்ளி இதழில் நேயர்கள் கிடையாது. வேலைக்கான நேர்முகம் என்றால் அது வேறு உலகம். அங்கே கேட்பவர் கை ஓங்கியிருக்கும், பதில் சொல்பவர் தன்னை நிரூபிக்க வந்தவர். ஒரு பையன் அதைக் கவனிக்காமல், வேலை கேட்டு வந்தவரிடம் மேலாளர் ஆட்டோகிராஃப் வாங்குவதுபோல் எழுதிவிட்டான். சிரிப்பு வந்தது, மதிப்பெண் வரவில்லை.

உரையாடலுக்கும் பேட்டிக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். உரையாடலில் இருவரும் சரிசமம். இருவருக்கும் கருத்து உண்டு, சண்டைகூடப் போடலாம். பேட்டியில் ஒருவர் பேசுவதற்காகத்தான் இன்னொருவர் இருக்கிறார். கேள்வி ஒரு வரி, பதில் மூன்று வரி என்பது நல்ல கணக்கு. கேட்பவர் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினால் அது பேட்டி இல்லை.

யாரைப் பேட்டி காண்பது

வினா ஆளைச் சொல்லிவிட்டால் கவலை இல்லை. சொல்லவில்லை என்றால், தயவுசெய்து நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் தொடாதீர்கள். அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் காலையில் எதைக் குடிக்கிறார்கள், எந்தச் செருப்பைப் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் வார்விக் காலைச் சந்தையில் காய்கறி விற்கும் பெரியம்மாவின் கைவிரலில் கொத்தமல்லி வாசம் எப்போதும் இருக்கும் என்பது தெரியும். மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலில் காவடி தூக்கும் மாமா அதற்கு முன்னால் எப்படி விரதம் இருப்பார் என்று தெரியும். தெரிந்த ஆள், தெரிந்த வாசம். அதுதான் மூலதனம்.

சில சமயம் வினாவே சரித்திர மனிதர் ஒருவரைப் பேட்டி காணச் சொல்லும். அப்போது தேதிகள் காலை வாரும். தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், 1913-இல் காந்தி நடத்திய போராட்டத்தில் சிறை சென்றவர், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தவர். அப்போது அவருக்கு வயது பதினாறு. என் வகுப்பில் ஒருவன் அவரிடம் "உங்கள் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ் பேசுகிறார்களா?" என்று கேட்டான். பேட்டியை எந்த நாளில் எடுக்கிறீர்கள் என்று திட்டத்திலேயே எழுதிவிட்டால் இந்த விபத்து நடக்காது. அந்த நாளுக்குப் பிறகு நடந்தது எதுவும் அவர் வாயில் வரக்கூடாது.

திட்டம்: ஒரு பொருள், ஓர் எண், ஒரு சங்கடம்

திட்டத்தைத் தாளில் பேட்டிக்கு முன்னால் எழுதிக் காட்ட வேண்டும் என்று வினாத்தாளே சொல்கிறது. பிள்ளைகள் பேட்டியை எழுதி முடித்துவிட்டு அப்புறம் மேலே அலங்காரத்துக்கு ஒரு வட்டம் வரைந்து அம்புக்குறி போடுகிறார்கள். திருத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

நான் மூன்றே மூன்று விஷயங்களை எழுதச் சொல்வேன். பேட்டி தருபவர் கையால் தொடுகிற ஒரு பொருள். அவர் வாயில் வரக்கூடிய ஓர் எண். அவருக்கு ஒருமுறை நேர்ந்த ஒரு சங்கடம். கூழ் காய்ச்சும் ஆயா என்றால், பொருள்: ஒரு சின்னச் சட்டி. எண்: விடியற்காலை மூன்று மணி. சங்கடம்: கொரோனா வருடம். அவ்வளவுதான். இந்த மூன்றையும் எங்கே வைப்பது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் நடுப்பகுதி தானாக வந்துவிடும்.

குடும்ப வரலாற்றுப் பேட்டி என்றால் எண் ரொம்பச் சுலபம். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். அதை அப்படியே எழுதினால் பாடப்புத்தகம் ஆகிவிடும். ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு காலனி எண் கொடுத்தது. பல வீடுகளில் அந்தத் தாளின் நகல் இன்றும் பீரோவில் இருக்கிறது. தாத்தா தன் பாட்டனாரின் எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறார் என்று எழுதிப் பாருங்கள். 342 என்ற எண் சரித்திரம். அந்த ஒற்றை எண் தாத்தாவின் சொந்தம்.

தாளின் அமைப்பு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் இது விதிமட்டும்தான். மேலே ஒரு தலைப்பு. அதன் கீழே இடம், நேரம், யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று இரண்டு மூன்று வரியில் ஒரு காட்சி. பேசுபவர் பெயர் இடப்பக்கம், அதன்பின் முக்காற்புள்ளி. ஆள் மாறினால் புது வரி. மேற்கோள் குறி வேண்டாம்; பெயரும் முக்காற்புள்ளியும் அந்த வேலையைச் செய்கின்றன. சிரிப்பு, தயக்கம், கையால் காட்டுவது போன்ற சைகைகளை அடைப்புக்குறிக்குள், பேச்சுக்கு முன்னால் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் "(புன்னகையுடன்)" போடாதீர்கள். ஒரு பேட்டிக்கு இரண்டு சைகை போதும், அதுவும் ஆளின் கை எதையாவது செய்யும்போது.

சொல் எண்ணும்போது வரி தோறும் வரும் பெயர்களைச் சேர்க்காதீர்கள். அப்புறம் ஒன்று. தமிழில் "காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்" என்பது ஒரே சொல். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அதை "காய்ச்சி கொண்டு இருக்கிறேன்" என்று மூன்றாக வெட்டி எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். சொல் மூன்றானது உண்மை, கூடவே ஒரு பிழையும் ஆனது.

கேள்வி: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

என் மாணவர் ஒருவர் எழுதியதை, பெயரையும் பிழைகளையும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

மாணவர்: வணக்கம். உங்களைச் சந்திப்பதில் நான் மிகவும் மகிழ்ச்சி அடைகிறேன். உங்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?
ஆயா: எனக்கு 70 வயது. எனக்கு மூன்று பிள்ளைகள். நான் முப்பது வருடங்களாகக் கோயிலில் கூழ் காய்ச்சுகிறேன்.
மாணவர்: இந்தச் சேவையைச் செய்ய உங்களைத் தூண்டியது எது?
ஆயா: பக்தி என்னைத் தூண்டியது.
மாணவர்: அது உங்களை எப்படி உணரவைக்கிறது?
ஆயா: அது என்னை மிகவும் பெருமையாக உணரவைக்கிறது.

ஒரு இலக்கணப் பிழைகூட இல்லை. ஆனால் இது தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலம். ஓர் ஆயாவிடம் போய் யாராவது "உங்களைத் தூண்டியது எது?" என்று கேட்பார்களா? விளக்குத் திரியைத்தான் தூண்டுவார்கள். "இதை எப்படி ஆரம்பித்தீர்கள்?" அல்லது "உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்?" என்று கேட்டால் போதும், கதை வரும். "எப்படி உணர்ந்தீர்கள்?" என்பதற்கு நம் வாயில் இருப்பது "அப்போது மனசுக்கு எப்படி இருந்தது?" அதையும் ஒரு பேட்டியில் ஒருமுறைக்குமேல் கேட்காதீர்கள். "சொல்ல முடியுமா?" என்பது நம் காதுக்கு ஆயாவின் திறமையைச் சந்தேகப்படுவது போல இருக்கும். "சொல்லுங்கள், ஆயா" என்பதிலேயே பணிவு இருக்கிறது. டர்பன் பிள்ளைகள் மனதுக்குள் ஆங்கிலத்தில் கேள்வியை அமைத்துக்கொள்வது அவர்கள் தப்பில்லை, வீட்டில் பேச்சு அதில்தான். அதற்கு நான் சொல்லும் மருந்து: கேள்வியை எழுதுமுன் உதடு அசைத்துச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பாட்டியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் மாற்றுங்கள்.

இனி அந்த மாதிரியின் பெரிய குறை. ஆயா "முப்பது வருடங்களாகக் கூழ் காய்ச்சுகிறேன்" என்கிறார். அது ஒரு தங்கச் சுரங்கம். யார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள் அதற்கு முன்னால்? முதல் தடவை காய்ச்சியபோது கட்டி தட்டியதா? எத்தனை பேருக்கு? இந்த மூன்றில் எதைக் கேட்டிருந்தாலும் பேட்டி உயிர் பெற்றிருக்கும். மாணவர் கேட்டதோ முன்கூட்டியே எழுதி வைத்திருந்த இரண்டாவது கேள்வி. ஆயா சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

ஆகவே வேலை இப்படி: முதல் கேள்வியை மட்டும் யோசியுங்கள். அது சின்னதாக, உடனே பதில் வரக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். பதிலை எழுதுங்கள். எழுதிய பதிலில் கண்ணை ஓட்டி, உங்களுக்கே ஆச்சரியம் தருகிற, அல்லது புரியாத ஒரு சொல்லைச் சுற்றி மெல்லிதாக வட்டம் போடுங்கள். அடுத்த கேள்வி அந்தச் சொல்லைப் பற்றியது. இரண்டு முறை இப்படிப் போன பிறகு ஒரு புதிய திசைக்குத் திரும்பலாம், அங்கேதான் திட்டத்தில் எழுதிய சங்கடம் உதவும். திரும்பியபின் மறுபடியும் வட்டம். பதிலை எழுதியதும் அடுத்த கேள்வி கிடைக்கவில்லை என்றால் தப்பு கேள்வியில் இல்லை. பதிலில் பிடிக்க எதுவும் இல்லை. "பக்தி என்னைத் தூண்டியது" என்ற வாக்கியத்தில் எதைப் பிடிப்பது? பதிலை மாற்றி எழுதுங்கள்.

ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைத் தவிர்க்கச் சொல்லி எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் "கேழ்வரகு மாவா?" என்பதும் அந்த ரகம்தான். ஒரு வியப்பு தானாக வாயில் வந்து விழும்போது விதியைப் பார்க்க வேண்டாம். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பதுதான் உண்மையிலேயே கூடாது. பதில் சொல்பவர் எப்போதும் இரண்டாவதற்கு மட்டும்தான் பதில் சொல்வார்.

மரியாதை, பேச்சு, எழுத்து

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். எங்கள் ஊரில் ஆயா என்றால் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். இங்கே ஆயா என்றால் பாட்டி. முதல் மாதம் எனக்குக் குழப்பமாகவே இருந்தது. தேர்வில் ஆயா என்று எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தாராளமாக எழுதலாம், இந்த மண்ணின் சொல் அது. ஆனால் பேட்டி முழுக்க ஒரே சொல்லாக இருக்கட்டும். முதல் வரியில் ஆயா, நடுவில் பாட்டி, முடிவில் அம்மா என்றால் மூன்று பேர் வந்துபோனது போலிருக்கும். வழக்கமாக வாயில் வரும் அங்கிள், ஆன்ட்டி மட்டும் வேண்டாம். மாமா, அத்தை, பெரியம்மா, ஐயா என்று உறவுக்கும் வயதுக்கும் தகுந்தது ஏதாவது இருக்கும்.

பெரியவரிடம் "நீங்கள்". வினைமுற்றும் அதோடு போக வேண்டும். "நீங்கள் எப்போது வந்தாய்?" என்பது வருடா வருடம் வரும் பிழை. காட்சி வரியிலும் "ஆயா கூழ் காய்ச்சுகிறார்" என்றுதான். திருப்பி ஆயா மாணவியை "நீ", "கண்ணு" என்று கூப்பிடுவது பிழை இல்லை. அப்படித்தானே பேசுவார்? அந்த ஏற்ற இறக்கமே இருவர் வயதையும் காட்டிவிடும், தனியாக எழுத வேண்டியதில்லை.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்பது அடுத்த சந்தேகம். வினைமுற்றுகளை எழுத்து வழக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: "வந்தாங்க" வேண்டாம், "வந்தார்கள்". சொற்களில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். கண்ணு, அப்புறம், அதோ, இருக்கட்டும் போன்றவை எழுத்து இலக்கணத்துக்குள்ளேயே பேச்சு வாசனையைக் கொண்டுவரும். மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவு, இங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல், அதற்கு மாற்று தேட வேண்டாம். ஆனால் டர்பனில் கீரையை ஹெர்ப்ஸ் என்பார்கள். அதைக் கீரை என்றே எழுதுங்கள், அந்தச் சொல் தமிழில் நன்றாகவே உயிரோடு இருக்கிறது.

முழு மாதிரி

பெயர் போட வேண்டிய இடத்தில் மாணவி, ஆயா என்று வைத்திருக்கிறேன். நீங்கள் பெயரே எழுதுங்கள்.

சின்னச் சட்டியும் பெரிய அண்டாவும்

சாட்ஸ்வொர்த். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை. கோயிலின் பின்புறம் விறகடுப்பில் கூழ் கொதிக்கிறது. முப்பது வருடங்களுக்கு மேலாக அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் ஆயாவைப் பள்ளி இதழுக்காக மாணவி சந்திக்கிறாள்.

மாணவி: வணக்கம் ஆயா. இன்றைக்கு எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினீர்கள்?
ஆயா: வா கண்ணு. மூன்று மணிக்கு. மாவை நேற்றே கரைத்துப் புளிக்க வைத்துவிட்டேன்.
மாணவி: கேழ்வரகு மாவா ஆயா?
ஆயா: (சிரித்தபடி) இல்லை, மீலி மாவு. என் பாட்டி கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ரேஷனாகக் கிடைத்தது அதுதான். கிடைத்ததைக் கரைத்து அம்மனுக்குப் படைத்தார். அம்மாவும் அப்படியே செய்தார், நானும் செய்கிறேன்.
மாணவி: இப்போது கடையில் கேழ்வரகு மாவு கிடைக்கிறதே, மாற்றத் தோன்றவில்லையா?
ஆயா: ஒரு வருடம் மாற்றிப் பார்த்தேன். வரிசையில் நின்ற பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, இது நம் கூழ் இல்லையே என்றார். அடுத்த ஞாயிறு பழைய மாவுக்கே திரும்பிவிட்டேன்.
மாணவி: கூழ் காய்ச்ச முடியாமல் போன வருடம் உண்டா?
ஆயா: (கரண்டியை நிறுத்தி) 2020. கொரோனா, கூட்டம் கூடக்கூடாது என்றார்கள். இந்த அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் ஒரு சின்னச் சட்டியில் காய்ச்சினேன். வேலிக்கு மேலே கை நீட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன்.
மாணவி: அந்தச் சட்டி இன்னும் இருக்கிறதா?
ஆயா: இப்போது எதில் மோர் எடுத்து ஊற்றினேன்? அதுதான்.
மாணவி: நன்றி ஆயா.
ஆயா: நன்றி அப்புறம் சொல்லலாம். அந்தச் செம்பை எடு, ஒரு வாய் குடித்துவிட்டுப் போ.

பெயர்களை விட்டு எண்ணினால் பேச்சு சுமார் 115 சொல், காட்சி வரிகளையும் சேர்த்தால் சுமார் 140. ஐந்து கேள்விகள். முதலாவதும் நான்காவதும் புதிதாகத் தொடங்குபவை. மற்ற மூன்றும் முந்தைய பதிலிலிருந்து பிடித்தவை: மாவு, கிடைத்தது, சட்டி. பக்தி, பெருமை, சேவை என்ற சொற்கள் எங்கேயும் இல்லை. ஆனால் ஆயாவுக்குப் பக்தி இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொண்டு செய்துவருபவர் என்று வினா கேட்டதற்கு முப்பது வருடமும், விடியற்காலை மூன்று மணியும், வேலிக்கு மேல் நீண்ட கையும் பதில் சொல்லிவிடுகின்றன.

முடிப்பது

"இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வியை என் வகுப்பில் தடை செய்துவிட்டேன். வினா குறிப்பாகக் கேட்டாலொழிய அது வேண்டாம். அந்தக் கேள்வி வந்த உடனே எல்லா ஆயாக்களும் ஒரே குரலில் "கடினமாக உழையுங்கள், பெற்றோரை மதியுங்கள்" என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். முன்னால் கட்டிய ஆள் மறைந்து சுவரொட்டி வந்து நிற்கும். அதைவிட, பேட்டி முடிந்து எழுந்திருக்கும்போது அந்த மனிதர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். கூழ் கொடுப்பார். சந்தைப் பெரியம்மா பையில் ஒரு கட்டுக் கீரை திணிப்பார். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்ப்பார். நன்றி ஒரு வரி போதும்.

திருத்தும் எட்டு நிமிடம்

முதல் கூடுதல் மொழித் தாளில் இந்தப் பகுதிக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். வினாவைப் பிரிக்க ஐந்து, திட்டத்துக்கு ஏழு, எழுத இருபது, மீதி எட்டு திருத்த. அந்த எட்டைக் கட்டுரைக்குத் தானம் செய்துவிடாதீர்கள்.

முதல் தடவை வினைமுற்றுகளை மட்டும் படியுங்கள்: நீங்கள் என்ற இடத்தில் எல்லாம் "-ஈர்கள்" இருக்கிறதா. இரண்டாம் தடவை ல, ள, ழ. இந்தப் பேட்டியில் கூழ் என்பதைக் "கூள்" என்று எழுதினால் குப்பைக் கூளத்தின் ஞாபகம் வரும், அம்மனுக்குப் படைக்க முடியாது. அண்டாவில் ண, அன்பில் ன. மூன்றாம் தடவை ஒற்று: "சின்னச் சட்டி", "கரைத்துப் புளிக்க", "அந்தச் செம்பை". எங்கே ஒற்று மிகும் என்று விதி மறந்துவிட்டால் சத்தமில்லாமல் உச்சரித்துப் பாருங்கள், பெரும்பாலும் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

தேர்வுக்கு முன்னால் வீட்டில் பழக ஒரு வழி. கைபேசியில் தாத்தாவையோ ஆயாவையோ ஐந்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், பரவாயில்லை. நடுவே வரும் தமிழ்ச் சொற்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள்: ரசம், விளக்கு, காப்பு, சாம்பிராணி. சமையலறையிலும் சாமி அறையிலும் அவை இன்னும் இருக்கின்றன. பிறகு பதிவில் ஒரே ஒரு நிமிடத்தைத் தமிழில் பேட்டியாக எழுதுங்கள். ஒரு நிமிடப் பேச்சு ஏறக்குறைய தேர்வு கேட்கும் அளவுக்கே வரும். வாரம் ஒன்று என்று ஆறு வாரம் செய்தவர்களுக்குத் தேர்வறையில் "யாரைப் பற்றி எழுதுவது" என்ற கேள்வியே எழவில்லை.

எழுதி முடித்ததும் திட்டத்தின் மேல் குறுக்கே ஒரே ஒரு கோடு போடுங்கள். அடித்துக் கிறுக்கி மறைத்துவிடாதீர்கள்; கீழே இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் மதிப்பெண்.